மேனேஜரின் கணையம்

மனைவி அலுவலகப் பயிற்சிக்காக ஒரு வாரம் வெளியூர் கிளம்பிப் போன மூன்றாம் நாள் மேனேஜர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

மேனேஜர் என்பவர் பூனை. சாம்பல் நிறம், கனத்த உடம்பு, வெள்ளை மார்பு, அதில் கழுத்திலிருந்து கீழே இறங்கும் ஒரு கறுப்புப் பட்டை. டை கட்டியது போலவே இருக்கும். குட்டியாக வந்த அன்றே சாப்பாட்டு மேசையின் தலைமை நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வீட்டிலிருந்தவர்களை ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அவரை 'அது' என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

வீட்டில் இப்போது மிச்சமிருந்தது மேனேஜரும், மாப்பிள்ளையும், மாமியாரும். மாப்பிள்ளை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார். மாமியார் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வார்டுக்குள் நுழைந்தால் நோயாளிகள் படுத்தபடியே அட்டென்ஷனில் நிற்பார்கள் என்று சொல்வார்கள். தன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் விட்டுவிட்டு, வாடை போகும்வரை மகள் வீட்டில் இருக்க வந்திருந்தார்.

மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது, அவ்வளவுதான். இருவருமே மரியாதைக்காரர்கள், மரியாதை முற்றிப் பேச்சு நின்று போயிருந்தது. மகள் நடுவில் இருந்தவரை எல்லாச் செய்தியும் அவள் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. அவள் ஊருக்குப் போனதும் அந்த வேலை மேனேஜர் தலையில் விழுந்தது.

"மேனேஜர், சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு சொல்லுங்க," என்பார் மாமியார் சமையலறையிலிருந்து.

"மேனேஜர், கை கழுவிட்டு இதோ வந்துட்டேன்னு சொல்லுங்க," என்பார் மாப்பிள்ளை கூடத்திலிருந்து.

மேனேஜர் நடுவில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருப்பார். செய்தி சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது.

அன்று காலை மேனேஜர் நடுவில் இல்லை. தட்டில் வைத்தது வைத்தபடி காய்ந்து கிடந்தது. தேடிப் பார்த்தால் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், முதுகைக் கூனி, முன்கால்களை உடம்புக்கடியில் மடக்கி, முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மஞ்சள் நுரையாக இரண்டு இடத்தில் வாந்தி.

மாமியார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். சுற்றிலும் செய்தி சொல்ல வேறு ஆளில்லை.

"மாப்பிள்ளை!" என்றார் நேராக.

மாப்பிள்ளை பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடி வந்தார். "என்ன அத்தை?"

"வண்டிய எடுங்க."

லீவு சொல்லப் பள்ளிக்குப் போன் செய்தபோது, வரவேற்பில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் எடுத்தாள்.

"இன்னிக்கு என்னால வகுப்பு எடுக்க முடியாதும்மா. மேனேஜருக்கு உடம்பு சரியில்ல. காலையிலேர்ந்து வாந்தி."

மறுமுனையில் அவள் குரலைத் தாழ்த்தி, "சார், அவர் என் எதிர்லதான் உக்காந்து பன் சாப்பிட்டுட்டு இருக்கார்," என்றாள்.

"இது வீட்டு மேனேஜர்ம்மா. கூடைல வச்சு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறோம்."

"கூடைலயா சார்?"

விளக்க நேரமில்லாமல் அவர் போனை வைத்துவிட்டார். அன்று பிற்பகல் பள்ளி மேனேஜரிடம் ஆளாளுக்கு வந்து உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்ததாகவும், ஒருவர் ஆரஞ்சுப் பழம் வேறு கொடுத்துவிட்டுப் போனதாகவும் பிறகு தெரியவந்தது.

வீட்டிலிருந்த கார் பள்ளிக் கார்தான். கூரைமேல் பழகுநர் பலகை. முன்சீட்டில் இரண்டு பக்கமும் பெடல்கள். வாத்தியார் உட்காரும் பக்கத்தில் மாமியார் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். அவருக்கு இந்தக் கார் புதிதல்ல. ஓய்வு பெற்ற புதிதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளையிடமே சேர்ந்தவர். சில வகுப்புகளிலேயே ஒரு ரவுண்டானாவின் நடுவில் கதவைத் திறந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்து போய்விட்டார். அதைப் பற்றி இன்றுவரை இருவரும் வாய் திறந்ததில்லை. மேலே சொன்ன மரியாதை அன்றுதான் ஆரம்பித்தது.

முதல் திருப்பத்தில் மேனேஜர் கூடைக்குள்ளிருந்து அடித்தொண்டையில் ஓலமிட்டார். கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரனை அலற விட்டன.

"அத்தை, காலைக் கொஞ்சம் மடக்கி வச்சுக்குங்க. அங்க பிரேக் இருக்கு."

"நான் எங்க மிதிச்சேன்? வண்டி தானா நிக்குது."

மேனேஜர் மறுபடி கத்தினார். வண்டி மறுபடி தானாக நின்றது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மேனேஜர் கத்துவதும் கார் நிற்பதுமாகவே போனது. முந்திக்கொண்டு போன ஓட்டுநர்கள் கோபமாகத் திரும்பிப் பார்ப்பார்கள். கூரைமேல் பலகையைப் பார்த்ததும் கோபம் தணிந்து, வழுக்கை விழுந்த மாப்பிள்ளையைப் பார்த்து, 'பாவம், இந்த வயசுல கத்துக்கறாரு' என்பது போலத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பல வருடங்களாக ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கினார்.

கால்நடை மருத்துவர் இளம்பெண். மேனேஜரை மேசைமேல் விட்டு வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். மேனேஜர் கடிக்கவில்லை. அதுவே பெரிய அறிகுறி என்று மாப்பிள்ளை பயந்தார். போன தடவை தடுப்பூசிக்கு வந்தபோது இதே மேசையில் இவர் இரண்டு உதவியாளர்களை அலமாரிக்குப் பின்னால் ஒளிய வைத்திருந்தார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "வயித்துல வலி இருக்கு. கணையம் கொஞ்சம் தடிச்ச மாதிரி தெரியுது. வீக்கமா இருக்கலாம்னு சந்தேகம். ஸ்கேன வச்சு மட்டும் உறுதியா சொல்ல முடியாது. ரத்தத்த வெளி லேபுக்கு அனுப்பறேன். ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும்."

"பாங்க்ரியடைட்டிஸ்," என்றார் மாமியார், ரொம்ப நாளாகப் பார்க்காத உறவுக்காரரின் பெயரைக் கேட்டது போல.

"ஆமாங்க. நீங்க...?"

"தலைமை நர்ஸ். ஓய்வு." நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு நேராகக் கேட்டார்: "குடிப்பழக்கம் இருக்குமோ?"

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "யாருக்குங்க?"

"என் வார்டுல கணையம் வீங்கி வந்தவங்க முக்காவாசிப் பேர் அந்தக் கேஸ்தான்." சொல்லிவிட்டு மாமியார் மேனேஜரைக் கூர்ந்து பார்த்தார். பிறகு அந்தப் பார்வை மெதுவாகத் திரும்பி மாப்பிள்ளை மேல் வந்து நின்றது.

"அத்தை, நான் காபியே ஸ்ட்ராங்கா குடிக்க மாட்டேன்."

"பூனைங்களுக்குப் பெரும்பாலும் காரணமே தெரியறதில்லீங்க," என்று டாக்டர் கைகொடுத்தார்.

"என் வார்டு ஆளுங்களும் இதையேதான் சொன்னாங்க," என்றார் மாமியார்.

அடுத்த தகராறு சாப்பாட்டில் வந்தது. கணையம் என்றால் வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது, வயிற்றுக்கு ஓய்வு தர வேண்டும் என்பது மாமியாரின் கட்சி. டாக்டர் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். "பூனைய மட்டும் பட்டினி போடவே கூடாது. ரெண்டு நாள் சாப்பிடலைன்னா ஈரல்ல கொழுப்பு சேர ஆரம்பிச்சுடும், அது இதவிட ஆபத்து. எப்படியாவது இவர சாப்பிட வைக்கணும்."

மாமியார் கைப்பையைத் திறந்து டாக்டர் சொன்னதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அடுத்தவர் சொல்லி மாமியார் எழுதிக்கொள்வதை மாப்பிள்ளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

வாந்திக்கும் வலிக்கும் டாக்டரே ஊசி போட்டார். உடம்பில் நீர் வற்றாமலிருக்க வீட்டிலேயே தோலுக்கடியில் சலைன் ஏற்ற வேண்டும். நர்ஸ் இருப்பதால் பயமில்லை. பசி எடுப்பதற்கு ஒரு களிம்பு கொடுத்தார். காது மடலின் உள்பக்கம் பட்டாணி அளவுக்கும் குறைவாகத் தடவ வேண்டும். தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும்.

"தடவறவங்க கண்டிப்பா கிளவுஸ் போட்டுக்கணும்," என்று வாசல்வரை வந்து இன்னொரு முறை சொன்னார்.

"நான் பிறக்கறப்பவே கிளவுஸ் போட்டுட்டுத்தான் பிறந்தேன்," என்றார் மாமியார்.

வீடு திரும்பிய அரை மணி நேரத்தில் கூடம் வார்டானது. நாற்காலிகள் சுவரோரம் போயின. டி.வி.யின் மேல் துணி விழுந்தது. வெளியே அழைப்பு மணி அடித்த கூரியர்காரரிடம், "பார்வையாளர் நேரம் சாயந்திரம்தான்," என்று மாமியார் சொல்லிக் கதவைச் சாத்தினார். மாப்பிள்ளைக்கு உதவியாளர் பதவி கிடைத்தது. கையை முழங்கைவரை கழுவச் சொன்னார். கழுவியதைப் பார்த்துவிட்டு மறுபடி கழுவச் சொன்னார்.

சலைன் பையைத் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டார்கள். மாப்பிள்ளை மேனேஜரைத் துண்டில் சுற்றி மடியில் அணைத்துக்கொண்டார். புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவர்களிடம் பேசும் குரல் தானாக வந்தது: "மெதுவா... பயப்படாதீங்க... மூச்ச நல்லா விடுங்க... எதிர்ல யாரும் வரல..."

மாமியார் பிடரித் தோலைக் கூடாரம் போலத் தூக்கி ஊசியைச் செருகினார். வாழ்நாளில் அவர் போட்ட ஊசிகளுக்குக் கணக்கே இல்லை. ஆனால் அந்த மனிதர்கள் யாருக்கும் பிடரித் தோல் இப்படிக் கழன்ற சட்டை போல இருந்ததில்லை. குழாயைத் திறந்துவிட்டு அவர் திருப்தியோடு தள்ளி நின்றார். மேனேஜர் அசையவில்லை. பையில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

சற்று நேரம் கழித்து மாமியார் கேட்டார்: "என்ன மாப்பிள்ளை, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு? அவ்வளவு வேர்க்குதா?"

"இல்ல அத்தை. சலைன்."

ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது. பையிலிருந்த நீரில் பாதி மாப்பிள்ளையின் சட்டைக்கும் அங்கிருந்து கால்சட்டைக்கும் போயிருந்தது. மேனேஜருக்கு ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அதனால்தான் அத்தனை ஒத்துழைப்பு.

மாமியார் முகம் சிவந்தது. "இத வெளில சொல்லாதீங்க," என்றார்.

"யார்கிட்ட அத்தை சொல்லப் போறேன்?"

இரண்டாவது முறை ஊசி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. நீர் இறங்க இறங்க மேனேஜரின் தோளுக்குமேல் ஒரு மூட்டை எழும்பி, அவர் பள்ளிப் பை மாட்டிக்கொண்டவர் போல ஆனார்.

அடுத்தது காது மருந்து. மாமியார் கிளவுஸ் போட்டுக்கொண்டார். களிம்பை விரல் நுனியில் எடுத்தார். காது மடலைத் திருப்பினார். சரியாக அந்த நேரத்தில் மேனேஜருக்குப் பொறுமை முடிந்துவிட்டது. தலையை ஒரு உதறு உதறினார். களிம்பு பறந்துபோய் மாப்பிள்ளையின் கழுத்தில் ஒட்டியது. துண்டிலிருந்து ஒரு கால் வெளியே வந்து மாமியாரின் கிளவுஸை மணிக்கட்டிலிருந்து விரல்வரை கிழித்தது.

"இன்னொரு கிளவுஸ் எடுத்துட்டு வர்றேன். விட்டுடாதீங்க!" என்று மாமியார் ஓடினார்.

மாப்பிள்ளை விடவில்லை. ஆனால் மேனேஜர் நழுவிக்கொண்டிருந்தார். காது கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. களிம்பு டியூபும் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. சாலையில் சட்டென்று முடிவெடுத்துப் பழகிய மனிதர். வெறும் விரலில் களிம்பைப் பிதுக்கி, பட்டாணி என்று டாக்டர் சொன்னதைக் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொண்டு, காதுக்குள் தேய்க்கப் போனார். கொஞ்சம் காதில் பட்டது. மீதி அவர் விரலிலும் முன்னங்கையிலும் அப்பிக்கொண்டது. அந்தப் போராட்டத்தில் களைத்த மேனேஜர், அதே முன்னங்கைமேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிவிட்டார்.

தூங்கும் நோயாளியை எழுப்பக் கூடாது என்று மாமியார் வாயில் விரலை வைத்துச் சைகை காட்டினார். களிம்பு யார் தடவியது, எதைக்கொண்டு தடவியது என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தார். கை கழுவ எழுந்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை.

சாயங்காலம் அவருக்குப் பசித்தது.

சாதாரணப் பசியில்லை. முதலில் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று எழுந்து சோம்பல் முறித்தது. பிறகு அது நடக்க ஆரம்பித்தது. மேனேஜர் இறங்கிப் போனதும் மாப்பிள்ளை நேராகச் சமையலறைக்குப் போனார்.

மாமியாரின் சமையல் ஆஸ்பத்திரிச் சமையல். எல்லாம் வெந்திருக்கும், எதிலும் உப்பு, காரம், எண்ணெய் இருக்காது. மகள் ஊருக்குப் போனதிலிருந்து மாப்பிள்ளை அதைக் கரண்டி நுனியால் தொட்டுத் தொட்டு, "வயிறு நிறைஞ்சுடுச்சுன்னு சொல்லுங்க மேனேஜர்," என்று எழுந்துகொண்டிருந்தார். இன்று வேகவைத்த கேரட்டை அள்ளி வாயில் போட்டார். காய்கறி சூப்பைப் பாத்திரத்தோடு தூக்கிக் குடித்தார். வெறும் ரொட்டி முடிந்ததும், வெந்த உருளைக்கிழங்கைத் தோலோடு தின்றார்.

மாமியார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இதுவரை மாப்பிள்ளை பார்த்திராத ஒரு வெளிச்சம்.

"நல்லாருக்கா மாப்பிள்ளை?"

"உம்," என்றார் மாப்பிள்ளை. வாய் காலியாக இல்லை.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

"வைங்க அத்தை. எல்லாத்தையும் வைங்க."

மாமியார் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். முட்டை வேகவைத்தார், பூசணிக்காய் வேகவைத்தார், கைக்குக் கிடைத்ததையெல்லாம் வேகவைத்தார். ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. கடைசியில் மேனேஜருக்காக எலும்பில்லாமல் வேகவைத்து, பிய்த்து, வெதுவெதுப்பாக ஒரு கிண்ணத்தில் வைத்திருந்த கோழிக்கறியும் காணாமல் போனது. பிறகு மாப்பிள்ளை இரண்டு கொட்டாவி விட்டு, கூடத்துத் தரையில் மேனேஜருக்குப் போட்டிருந்த போர்வையில் சாய்ந்து, சுவரதிரக் குறட்டை விட்டார்.

மாமியார் மகளுக்குப் போன் போட்டார்.

"எப்படிம்மா இருக்கார்?" என்றாள் மகள், அழாத குறையாக.

"நல்லா சாப்பிட்டார்டி. கண்ணு பட்டுடும். ரெண்டு ஆள் சாப்பாடு."

"அப்பாடா! மருந்து வேலை செஞ்சுடுச்சா?"

"மருந்தா? என் கைப்பக்குவம்டி!"

"மேனேஜரையாம்மா சொல்ற?"

"மேனேஜர் வாயே திறக்கல. நான் உன் வீட்டுக்காரரச் சொல்றேன்."

மறுநாள் காலையும் மேனேஜர் சாப்பிடவில்லை. மாமியார் கரைத்த உணவை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரம் விட்டார். பாதி உள்ளே போனது, பாதி மாமியாரின் மூக்குக்கண்ணாடிக்குப் போனது. மறுபடி காரில் ஏறினார்கள். இந்த முறை மாமியார் பின்சீட்டில் உட்கார வைக்கப்பட்டார்.

டாக்டர் கேட்டார்: "நேத்து ஏதாவது சாப்பிட்டாரா?"

"திருப்தியா சாப்பிட்டார்," என்றார் மாமியார் பெருமையாக. "கேரட், உருளைக்கிழங்கு, சூப். பூசணிக்காய்கூட மிச்சம் வைக்கல. அப்புறம் நல்ல தூக்கம். கொஞ்சம் குறட்டை."

டாக்டரின் கண்கள் விரிந்தன. "பூசணிக்காயா? இவரா?"

"இவர் இல்ல. இவர்," என்று மாமியார் மாப்பிள்ளையைக் காட்டினார்.

டாக்டர் மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தார். அவரோ மேசைமேலிருந்த பிஸ்கட் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது மருந்த யாருங்க தடவினது?"

மாப்பிள்ளை அசடு வழிய விரலை உயர்த்தினார். எந்த விரல் என்பதும் அதிலேயே விளங்கியது.

டாக்டர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. படபடப்பு, தலைசுற்றல் ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை, பசி மட்டும்தான். "இப்ப குறைஞ்சிருக்கணுமே. இருந்தாலும் உங்க டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. இது எல்லாருக்கும் பசி எடுக்க வைக்கும்னு சொல்ல முடியாது. ஆனா கிளவுஸ் போடுங்கன்னு இதுக்குத்தான் சொன்னேன்." பிறகு மேனேஜரின் காதில் தானே மருந்தைத் தடவி, வலிக்கு இன்னொரு ஊசி போட்டார். "வலி குறைஞ்சா இவரே சாப்பிடுவார். ஒண்ணு மட்டும் செய்யுங்க. தட்டுக்குப் பக்கத்துல உக்காந்து முறைச்சுப் பாக்காதீங்க. நீங்க பாட்டுக்கு வேற எதையாவது பேசிட்டு இருங்க."

வீட்டுக்கு வரும் வழியில் கண்ணாடியில் பார்த்தபோது மாப்பிள்ளைக்கு என்னவோ போலிருந்தது. தலைமை நர்ஸ் கூடையை அணைத்துக்கொண்டு, பரீட்சையில் தோற்றவர் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, பசிதான் மருந்தால வந்துச்சு. ருசி ஒண்ணும் மருந்தால வரல."

"சும்மா சொல்லாதீங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை சிக்னலில் நின்றார். யோசித்தார். "சரி. உப்பு இல்ல அத்தை. சுத்தமா இல்ல. பூசணிக்காய் தண்ணி மாதிரி இருந்துச்சு."

"அத முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல? நான் உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியாம தேடிட்டு இருந்தேன்!"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

"மேனேஜர்கிட்ட கேட்டேன்!"

வீட்டில் மேனேஜரின் தட்டைச் சமையலறை மூலையில் வைத்தார்கள். மீன் வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிப் பிசைந்த உணவு. மேனேஜர் கூடையிலிருந்து இறங்கி, சுவரோரம் உட்கார்ந்து, தட்டுக்கு முதுகைக் காட்டினார். இவர்கள் இருவரும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து, அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"பேசுங்க," என்றார் மாமியார் உதட்டை அசைக்காமல்.

"என்ன பேசறது?"

"எதையாவது. டாக்டர் சொன்னாங்கல்ல."

"இன்னிக்கு வெயில் கொஞ்சம் அதிகம்."

"ஆமா."

அதோடு வெயில் தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். வேறு எதுவும் நினைவுக்கு வராமல், பல நாளாக மனசில் கிடந்ததையே கேட்டுவிட்டார்.

"அன்னிக்கு ரவுண்டானால ஏன் அத்தை இறங்கிப் போனீங்க?"

மாமியாரின் தலை சட்டென்று திரும்பியது. "நீங்க ஏன் பிரேக்க மிதிச்சீங்க? நான்ல ஓட்டிட்டு இருந்தேன்?"

"எதிர்ல லாரி வந்துச்சு!"

"தூரத்துல வந்துச்சு. நான் நிறுத்தியிருப்பேன்."

"எப்ப?"

"அது கிட்ட வந்ததும்."

"கிட்டதான் வந்திருந்துச்சு அத்தை! அந்த டிரைவர் பல்லு விளக்கலைங்கறதுகூட எனக்குத் தெரிஞ்சுச்சு!"

"நான் ஊசி போடறப்ப எந்தப் பெரிய டாக்டரும் என் கையத் தட்டினதில்ல, தெரியுமா? நீங்க ஊர் பாக்க பிரேக்க மிதிச்சு, 'இறங்குங்க, நான் எடுக்கறேன்'னு சொன்னீங்க. இறங்குங்கன்னீங்க. இறங்கிட்டேன்."

"நான் சீட் மாத்திக்கச் சொன்னேன்."

"இறங்குங்கன்னுதான் காதுல விழுந்துச்சு."

"அதுக்காக வீடு வரைக்குமா நடப்பீங்க? நான் வண்டிய உருட்டிட்டே பின்னால வந்து கூப்பிட்டேன்!"

"ஹாரன் அடிச்சுக் கூப்பிட்டீங்க! மனுஷன ஹாரன் அடிச்சா கூப்பிடுவாங்க?"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மூலையிலிருந்து, மெதுவாக, சளக், சளக் என்று.

இருவரும் சிலையானார்கள். சத்தமும் நின்றது.

"நிறுத்தாதீங்க," என்று மாமியார் மூச்சுக்குள் சொன்னார். "பேசிட்டே இருங்க."

"என் மேல தப்பே இல்ல," என்றார் மாப்பிள்ளை, குழந்தையைத் தூங்க வைக்கும் குரலில்.

"எல்லாம் உங்க தப்புதான்," என்றார் மாமியார், அதைவிட இனிமையாக.

சளக், சளக்.

"உங்கள மாதிரி பிடிவாதக்காரங்கள நான் பாத்ததே இல்ல."

"உங்கள மாதிரி வாத்தியார் இருந்தா ஊர்ல எல்லாரும் நடந்துதான் போகணும்."

சளக், சளக், சளக். மாமியார் திட்டிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை பதிலுக்குத் திட்டிக்கொண்டே சிரித்தார். கையிருப்பு தீர்ந்து, திட்ட ஒன்றும் மிச்சமில்லாத நேரத்தில், காலித் தட்டு தரையில் உராயும் ஓசை கேட்டது.

அதற்குப் பிறகு மேனேஜர் ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். வாந்தி நின்றது. முதுகு நிமிர்ந்தது. நாற்காலிமேல் ஏறினார். காது மருந்து தடவப் போன மாமியாரைக் கடித்தபோது, "பாருங்க, பாருங்க, பழைய மாதிரி கடிக்கிறார்!" என்று மாமியாரே கையை நீட்டிக் காட்டினார்.

லேப் ரிசல்ட்டும் வந்தது. கணைய வீக்கம் இருக்கிறது என்று சொல்லுமளவுக்கு அதிகமில்லை, இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவுமில்லை. அதுவும் மதில்மேல் பூனையாகத்தான் உட்கார்ந்திருந்தது. "சந்தேகம்னே வச்சுக்குவோம்," என்றார் டாக்டர் போனில். "ஆள் தேறிட்டார்ல, அதான் முக்கியம். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணுவோம்."

"இத்தனை பாடுபட்டும் வெறும் சந்தேகந்தானா?" என்று மாமியாருக்கு ஆறவே இல்லை.

வாரக் கடைசியில் மனைவி திரும்பி வந்தாள். கதவைத் திறந்ததுமே அவளுக்குத் திக்கென்றது. உள்ளே அம்மாவும் கணவரும் உரத்த குரலில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், கோழிக்கறியை இன்னும் பொடியாகப் பிய்க்க வேண்டுமா வேண்டாமா என்று தகராறு. "நீ சொல்லும்மா," என்று இருவரும் அவளிடம் திரும்பினார்கள். பதிலுக்குக் காத்திராமல் மறுபடி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் மாமியார் தன் வீட்டுக்குக் கிளம்பினார். பெயின்ட் வாடை போய்விட்டிருந்தது. மாப்பிள்ளை பெட்டியைக் காரில் ஏற்ற வாசலுக்கு எடுத்து வந்தார். அப்போது மேனேஜர் கூடத்து நடுவில் நின்றார். வயிறு குபுக் குபுக்கென்று ஏறி இறங்கியது. கழுத்து நீண்டது. தொண்டையிலிருந்து ஒரு பயங்கர ஓசை எழுந்தது.

"ஐயோ, மறுபடியும்!" என்று மனைவி அலறினாள்.

மாப்பிள்ளை பெட்டியைத் தன் கால்மேலேயே போட்டார். மாமியார் செருப்போடு உள்ளே பாய்ந்து வந்தார். மேனேஜர் எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்தவர் போல, எதையோ நீளமாகத் தரையில் கக்கிவிட்டு விலகினார்.

மூவரும் முட்டி போட்டுக் குனிந்தார்கள். மாமியார் கைப்பையிலிருந்து கிளவுஸை எடுத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு ஜோடியை மாப்பிள்ளையிடம் நீட்டினார். அவரும் மாட்டிக்கொண்டார். ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்தார்கள். ஈரமாக, சாம்பல் நிறமாக, சுருட்டு அளவில் இருந்தது.

"முடி," என்றார் மாமியார்.

"முடிதான்," என்றார் மாப்பிள்ளை.

"வெறும் முடிடி! உடம்ப நக்கி நக்கி முழுங்கின முடி!" என்று மாமியார் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார். ஒரு பூனை கக்கிய முடி உருண்டையைச் சுற்றி உட்கார்ந்து மூன்று பேரும் அப்படிச் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, ஏதாவது நல்ல செய்தியா என்று கேட்டார்.